ஹாம்லெட் ஏன் அந்த வாளை உறைக்குள் போட்டான்?

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தைப் பற்றிய கேள்வி இதுதான். அப்பாவைக் கொன்றது சித்தப்பாதான் என்று அப்பாவின் ஆவியே நேரில் வந்து சொல்லிவிட்டது. கொன்றவன் அதே அரண்மனையில்தான் இருக்கிறான். மகன் கையில் வாளும் இருக்கிறது. அவன் தனியாக ஜெபத்தில் இருக்கும்போது வாளை உருவியும், வெட்டாமல் உறைக்குள் போட்டுவிடுகிறான். பிறகு எதற்கு ஹாம்லெட் ஐந்து அங்கம் இழுத்தடிக்கிறான்? அவன் கோழையா? பழிவாங்கும் நாடகம் என்று சொல்லிவிட்டுப் புலம்பலை மட்டும் கொடுத்தால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

எரிச்சல் நியாயமானதுதான். கல்லூரியில் முதல்முறை படித்தபோது மூன்றாம் அங்கத்தோடு புத்தகத்தை மூடி வைத்தவன் நான். பிற்பாடு இதையே வகுப்பில் நடத்த வேண்டி வந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஹாம்லெட்டைக் கோழை என்று நாடகத்தில் வேறு யாரும் சொல்வதில்லை. ராஜாவான கிளாடியஸே அவனைப் பார்த்துப் பயப்படுகிறான். அந்தப் பட்டத்தை அவனுக்குக் கொடுப்பவன் அவனேதான். இரண்டாம் அங்கத்தின் முடிவில் தனியாக நின்று ‘நான் கோழையா?’ என்று கேட்டுக்கொண்டு, தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறான். நாம் அந்த வாக்குமூலத்தை அப்படியே நம்பிவிட்டோம்.

என் பதில் வேறு. அவன் தலையில் கட்டப்பட்ட வேலையே, கை கறைபடாமல் யாராலும் செய்து முடிக்க முடியாத வேலை. அது அவனுக்குப் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருப்பதுதான் அந்த மனப்போராட்டம்.

கதை தெரியாதவர்களுக்காக நாலு வரி. டென்மார்க் ராஜா இறந்துபோகிறார். தோட்டத்தில் தூங்கும்போது பாம்பு கடித்தது என்று ஊருக்குச் சொல்கிறார்கள். இரண்டு மாதம் ஆவதற்குள் அவர் தம்பி கிளாடியஸ் முடியைச் சூடிக்கொண்டு அண்ணி கெர்ட்ரூடையும் கல்யாணம் செய்துகொள்கிறான். விட்டன்பெர்க்கில் படித்துக்கொண்டிருந்த மகன் ஹாம்லெட் ஊர் வந்திருக்கிறான். எல்சினோர் கோட்டை மதிலில் அப்பாவின் ஆவி தோன்றி, தூங்கும்போது என் காதில் விஷம் ஊற்றியது உன் சித்தப்பன், பழி வாங்கு என்கிறது. கடைசியில் பழி தீர்கிறது, ஆனால் மேடையில் கிட்டத்தட்ட ஒருவரும் மிச்சமில்லை.

ஆவி சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பழி வாங்கு என்பது முதல் உத்தரவு. அதோடு நின்றிருந்தால் நீங்கள் எதிர்பார்க்கும் நாடகம் கிடைத்திருக்கும். ஆவி நிற்கவில்லை. இதை எப்படிச் செய்தாலும் உன் மனசு கறைபடக் கூடாது என்கிறது. அப்புறம், உன் அம்மாவுக்கு எதிராக எதுவும் நினைக்காதே, அவளைக் கடவுளிடமும் அவள் நெஞ்சில் குத்தும் முள்ளிடமும் விட்டுவிடு என்கிறது. ஆக மூன்று உத்தரவு. கொலை செய், ஆனால் மனசு சுத்தமாக இருக்கட்டும். அம்மாவின் புருஷனைக் கொல், ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இதை எவன் செய்வான்? முதல் உத்தரவை நிறைவேற்றுகிறவன் இரண்டாவதை மீறியாக வேண்டும். வாசகர்கள் பெரும்பாலும் முதல் உத்தரவோடு நின்றுவிடுகிறார்கள். ஹாம்லெட் மூன்றையும் கேட்டுக்கொண்டவன்.

அந்த இடத்தில் அவன் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? ஆவி மறைந்ததும் குறிப்பேட்டை எடுத்து, ‘ஒருவன் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே அயோக்கியனாகவும் இருக்கலாம்’ என்று எழுதிக்கொள்கிறான். வாளை உருவவில்லை, நோட்டை எடுக்கிறான். அதற்குச் சற்று முன்னால்தான், தியானத்தைப் போலவும் காதல் நினைவுகளைப் போலவும் வேகமாகப் பறந்துபோய்ப் பழி வாங்குவேன் என்று சொன்னான். வேகத்துக்கு அவன் பிடித்த உவமைகளைப் பாருங்கள். ஒருவன் அசையாமல் உட்கார்ந்து செய்கிற இரண்டு காரியங்கள். ஷேக்ஸ்பியர் குறும்புக்காரர்.

இந்தக் கதை ஷேக்ஸ்பியர் கற்பித்ததில்லை. 1200-ஐ ஒட்டி சாக்ஸோ கிராமாட்டிகஸ் என்ற டேனிஷ்காரர் லத்தீனில் எழுதிய வரலாற்று நூலில் அம்லெத் என்ற இளவரசன் வருகிறான். 1570-இல் பெல்ஃபோரெஸ்ட் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அதைப் பிரெஞ்சில் எழுதினார். அந்தப் பழைய கதையில் கொலை ரகசியமே இல்லை. அண்ணனைத் தம்பி கொன்றது ஊரறிந்த சேதி. ஆகவே ஆவிக்கும் வேலையில்லை, சாட்சிக்கும் தேவையில்லை. பையன் உயிர் பிழைக்கப் பைத்தியம்போல் நடிக்கிறான், காலம் வந்ததும் குடித்துக் கிடக்கும் கூட்டத்தை மண்டபத்தோடு கொளுத்துகிறான், சித்தப்பனைக் கொல்கிறான். அவனுக்கு ஒரே பிரச்சினை, எப்படி என்பதுதான். கொலையை ரகசியமாக்கியது நாடகத்தில் செய்த மாற்றம். அந்த ஒரு மாற்றத்தால் ‘எப்படி’ என்ற கேள்வி ‘உண்மைதானா’ என்று ஆகிவிடுகிறது. சாட்சி ஒன்றே ஒன்று, அதுவும் செத்துப்போன ஒருவர்.

அந்தச் சாட்சியையாவது நம்பலாமா? ஆவி தன்னைப் பற்றிச் சொல்வது, பகலெல்லாம் நெருப்பில் கிடந்து பாவம் எரிந்து தீரும்வரை காத்திருக்கிறேன் என்று. கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, அதேதான். ஆனால் நாடகம் எழுதப்பட்ட 1600-ஐ ஒட்டிய இங்கிலாந்து சீர்திருத்தச் சபையின் நாடு. அப்படி ஒரு இடமே கிடையாது என்பது அந்தச் சபையின் அதிகாரபூர்வ நிலை. உத்தரிக்கிற ஸ்தலம் இல்லையென்றால் அங்கிருந்து யாரும் வர முடியாது, வந்திருப்பது பிசாசாக இருக்கலாம். ஹாம்லெட் படித்த ஊரோ விட்டன்பெர்க், 1517-இல் மார்ட்டின் லூதர் கலகத்தைத் தொடங்கிய ஊர். லூதர் ஊரில் படித்த பையன் முன்னால் கத்தோலிக்க அப்பாவின் ஆவி நிற்கிறது. நான் பார்த்தது பிசாசாக இருக்கலாம், என் துக்கத்தைப் பயன்படுத்தி என்னை நரகத்தில் தள்ளப் பார்க்கலாம் என்று அவன் சொல்வது அந்தக் கால ரசிகனுக்குச் சாக்காகத் தோன்றியிருக்காது.

பழி வாங்குவதிலேயே அந்தச் சமூகத்துக்கு இரட்டை மனசு. ‘பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்’ என்ற வேத வசனம் பிரசங்க மேடையில் ஒலித்துக்கொண்டிருந்தது. அதே நாட்டில் 1584-இல் எலிசபெத் ராணிக்கு யாராவது தீங்கு நினைத்தால் அவர்களைத் தேடிக் கொன்று பழி தீர்ப்போம் என்று ஊர் ஊராகப் பெரிய மனிதர்கள் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாடகக் கொட்டகையிலும் பழிக்குத்தான் கூட்டம். தாமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானிஷ் துன்பியல்’ அப்போது சக்கைப்போடு போட்டது. இன்று கிடைக்காத பழைய ஹாம்லெட் நாடகம் ஒன்றும் இருந்தது. அதில் ஆவி ‘ஹாம்லெட், பழி வாங்கு!’ என்று சிப்பி விற்கிறவள் மாதிரிக் கத்தும் என்று 1596-இல் ஒருவர் கேலி செய்து எழுதியிருக்கிறார். கொட்டகைக்குள் நுழைகிறவனுக்கு ரத்தம் பார்க்கவும் ஆசை, அது பாவம் என்றும் தெரியும். ஷேக்ஸ்பியர் அந்த இரண்டையும் எடுத்து ஒரே ஆளுக்குள் வைத்துவிட்டார்.

சரி, ஆவியைச் சோதிக்க ஹாம்லெட் ஒரு வழி கண்டுபிடிக்கிறான். ஊருக்கு வந்த நடிகர்களை வைத்து, தூங்கும் ராஜாவின் காதில் விஷம் ஊற்றும் நாடகம் ஒன்றை அரண்மனையில் போடச் செய்கிறான். சித்தப்பன் முகம் மாறினால் குற்றம் உண்மை. முகம் மாறுகிறது, ராஜா எழுந்து போகிறான், வெளிச்சம் கொண்டுவா என்று கத்துகிறான். தீர்ந்தது சந்தேகம் என்று பல பாட உரைகள் இங்கே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஆனால் நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தில் விஷம் ஊற்றுகிறவன் யார்? ராஜாவின் தம்பி இல்லை. ஹாம்லெட்டே எழுந்து சபைக்கு அறிமுகம் செய்கிறான்: இவன் லூசியானஸ், ராஜாவின் அண்ணன் மகன்.

சித்தப்பனைக் கொல்லும் அண்ணன் மகன்! சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் இது பழைய கொலைக்கு ஆதாரமாகப் படாது. சித்தப்பா ராஜாவை அண்ணன் மகன் மேடையிலேயே மிரட்டுகிறான் என்றுதான் படும். கிளாடியஸ் எழுந்தது குற்ற உணர்வாலா, உயிர்ப் பயத்தாலா? ஹாம்லெட்டுக்குப் பதில் தெரியும், அவன் நண்பன் ஹொரேஷியோவுக்கும் ஓரளவு தெரியும். ஊருக்குத் தெரியாது. பழி வாங்குகிறவனையும் கொலைகாரனையும் ஒரே உருவத்தில் மேடையேற்றிவிட்டான் அவன். தெரிந்து செய்தானா, மனசுக்குள் கிடந்தது வாயில் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சண்டை நடக்கும். நான் இரண்டாவது கட்சி.

இனி நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. நாடகத்தின் உயிர்நிலை இது என்பது என் எண்ணம். ‘இருப்பதா, இறப்பதா’ என்ற புகழ்பெற்ற தனிமொழியை விட இதை நூறு மடங்கு முக்கியமாக நினைக்கிறேன்.

கிளாடியஸ் தனியாக இருக்கிறான். முதல்முறையாக அவன் வாயிலிருந்தே உண்மை முழுசாக வருகிறது. என் குற்றம் அழுகி நாறுகிறது, அதன் நாற்றம் வானம்வரை போகிறது, அண்ணனைக் கொன்ற ஆதி சாபம் என்மேல் இருக்கிறது என்கிறான். காயீன் ஆபேலைக் கொன்ற கதையைச் சொல்கிறான். பிரார்த்தனை செய்ய ஆசை, முடியவில்லை. ஏன்? கொலையால் கிடைத்த மூன்றும் கையில் இருக்கின்றன: முடி, அந்தப் பேராசை, ராணி. திருடிய பொருளை மடியில் வைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டால் கிடைக்குமா என்று தன்னையே கேட்கிறான். பூலோகத்தில் பணத்தைத் தள்ளிச் சட்டத்தை வளைக்கலாம், மேலே அந்த வித்தை நடக்காது என்று பதிலும் அவனே சொல்லிக்கொள்கிறான். வில்லனுக்கு இவ்வளவு தெளிவு எந்த நாடகத்தில் வரும்? இதில் ஒரு உவமை வருகிறது: இரண்டு வேலைக்குக் கட்டுப்பட்டவன் எதை முதலில் தொடங்குவது என்று நின்று, இரண்டையும் விட்டுவிடுகிற மாதிரி நிற்கிறேன் என்கிறான். பெயரை மறைத்துவிட்டு இந்த வரியைக் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் இது ஹாம்லெட் பேசுவது என்பார்கள். தயங்குகிறவன் ஹாம்லெட் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எதிரியும் அதே நோயாளிதான்.

கடைசியில் அவன் முழங்கால் போடுகிறான். பின்னால் ஹாம்லெட் வருகிறான். காவல் இல்லை, துணை இல்லை, முதுகு தெரிகிறது. வாளை உருவுகிறான். இப்போதே முடித்துவிடலாம் என்கிறான். அப்புறம் யோசிக்கிறான். இவன் ஜெபத்தில் இருக்கிறான், இப்போது கொன்றால் மோட்சம் போவான். என் அப்பா எப்படிச் செத்தார்? ஆவி சொன்னபடி, நற்கருணை வாங்காமல், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தை பூசப்படாமல், பாவமெல்லாம் தலையில் இருக்கும்போதே. அவருக்கு அந்த நெருப்பு, இவனுக்கு மோட்சமா? இது பழியா, கூலியா? குடித்துக் கிடக்கும்போதோ, கோபத்தில் இருக்கும்போதோ, படுக்கையில் இருக்கும்போதோ இவனைப் பிடிப்பேன், நேரே நரகத்துக்கு அனுப்புவேன். வாள் உறைக்குள் போகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது இன்னொரு சாக்கு. அப்படிச் சொன்னவர்கள் நிறைய. ஆனால் அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் எவ்வளவு பயங்கரம் என்று பாருங்கள். உயிரை எடுப்பது போதாது, ஆத்மாவையும் நித்தியத்துக்கும் எரிக்க வேண்டும் என்கிறான். கடவுள் கையில் இருக்கும் தீர்ப்பைத் தன் கைக்கு எடுக்கப் பார்க்கிறான். ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-இல் தன் ஷேக்ஸ்பியர் பதிப்பில் இந்தப் பேச்சை, படிக்கவும் சொல்லவும் முடியாத அளவுக்குக் கொடூரமானது என்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டு ரசிகனுக்கு முதுகு சில்லிட்டது. நமக்கோ ‘சே, மறுபடியும் தள்ளிப்போட்டான்’ என்று தோன்றுகிறது. கருணையால் அவன் வாளை உறையில் போடவில்லை. மனசைக் கறைபடுத்தாதே என்று அப்பா சொன்னது கறைபட்டுப்போன நிமிடம் இதுதான். கொல்லாமலேயே!

அவன் போன பிறகு கிளாடியஸ் எழுந்து சொல்வது: என் வார்த்தைகள் மேலே பறக்கின்றன, நினைப்பு கீழேயே கிடக்கிறது, நினைப்பில்லாத வார்த்தை வானத்துக்குப் போகாது. அதாவது ஜெபம் நடக்கவே இல்லை. அப்போது வெட்டியிருந்தால் ஹாம்லெட் ஆசைப்பட்டபடி நரகத்துக்கே போயிருப்பான். அடுத்தவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கணக்குப் போட்டு நடந்த ஒருவன், அந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டான். விலை, கிளாடியஸைச் சேர்க்காமல் ஏழு உயிர்.

அந்த விலை உடனே ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த காட்சியிலேயே அம்மாவின் அறையில் திரைக்குப் பின்னால் சத்தம் கேட்கிறது. ‘என்னது, எலியா?’ என்று திரையோடு சேர்த்துக் குத்துகிறான். ‘ராஜாவா?’ என்று கேட்கிறான். விழுந்து கிடப்பது மந்திரி பொலோனியஸ். தயங்குகிறவன், செயலற்றவன் என்று நாம் சொன்ன ஆள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. முகம் தெரிந்து, நேரம் இருந்து, வாய்ப்பு இருந்தபோது நிறுத்தியவன், முகம் தெரியாதபோது குத்துகிறான். யோசித்தால் கை ஓடவில்லை, கை ஓடும்போது யோசனை இல்லை.

இதோடு ஒரு தராசு தலைகீழாகிறது. இதுவரை ஹாம்லெட் அப்பாவைப் பறிகொடுத்த மகன். இப்போது இன்னொரு மகனின் அப்பாவைக் கொன்றவன். பொலோனியஸின் மகன் லேயர்டீஸ் பாரிஸிலிருந்து புயல் மாதிரி வருகிறான். இவனிடம் தயக்கம் கிடையாது. மனசாட்சி நரகத்துக்குப் போகட்டும் என்கிறான். எதிரியைக் கோவிலுக்குள்ளேயே கழுத்தை அறுப்பேன் என்கிறான், அதாவது ஹாம்லெட் செய்ய மறுத்த அதையே. உடனே கிளாடியஸ், பழிக்கு எல்லையே இருக்கக் கூடாது என்று தலையாட்டுகிறான். நீங்கள் கேட்ட வேகமான பழிவாங்கி இவன்தான். அவன் என்ன ஆனான்? கொலைகாரன் கையில் ஒரு கருவி ஆனான். வாள் முனையில் விஷம் தடவி, விளையாட்டுப் போட்டி என்ற பெயரில் குத்தத் துணிந்தான். குத்தும் நேரத்தில் இது கிட்டத்தட்ட என் மனசாட்சிக்கு விரோதம் என்று முணுமுணுக்கிறான். அந்த ‘கிட்டத்தட்ட’தான் அவன் கடைசிவரை காப்பாற்றிக்கொண்ட மனசாட்சி.

லேயர்டீஸைக் காட்டி ஹாம்லெட்டை நல்லவனாக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவன் செய்ததில் எனக்கு இன்றும் செரிக்காதது ஒன்று உண்டு. கூடப் படித்த ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் அவனை இங்கிலாந்துக்குக் கப்பலில் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் கொண்டுபோகும் கடிதத்தில் இவன் தலையை எடுக்கச் சொல்லி ராஜாவின் உத்தரவு இருக்கிறது. ஹாம்லெட் இரவில் அதைத் திருடிப் படித்துவிட்டு, வேறு கடிதம் எழுதி வைக்கிறான்: இதைக் கொண்டுவருகிறவர்களை உடனே கொல்லுங்கள், பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட நேரம் தராதீர்கள். தன் அப்பாவுக்கு நடந்த எந்த அநியாயத்துக்காக நெஞ்சு வெந்தானோ, அதே அநியாயத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்கிறான். அந்தக் கடிதத்துக்கு முத்திரை வேண்டுமே? பையில் அப்பாவின் முத்திரை இருந்தது, அதைக் குத்தினேன் என்று ஹொரேஷியோவிடம் சொல்கிறான். கடவுள் ஏற்பாடு என்று பெருமை வேறு. அவர்கள் என் மனசாட்சிக்குப் பக்கத்தில் இல்லை என்கிறான். அந்த இரண்டு பேருக்குக் கடிதத்தில் என்ன இருந்தது என்று தெரியும் என்பதற்கு நாடகத்தில் உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை.

‘இருப்பதா, இறப்பதா’ தனிமொழியை நான் ஒதுக்கிவிட்டேன் என்று நினைப்பீர்கள். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த நீண்ட பேச்சில் அப்பா இல்லை, சித்தப்பன் இல்லை, பழி இல்லை, ‘நான்’ என்ற சொல்லே இல்லை. செத்தவர்கள் போன நாட்டிலிருந்து எந்தப் பயணியும் திரும்பி வந்ததில்லை என்கிறான், திரும்பி வந்த அப்பாவோடு பேசியவன்! மறந்துவிட்டானா, நம்பவில்லையா? மனசாட்சி நம்மையெல்லாம் கோழையாக்குகிறது என்ற வரி அங்கேதான் வருகிறது. அந்தக் கால ஆங்கிலத்தில் அங்கே வரும் ‘conscience’ என்ற சொல்லுக்கு மனசாட்சி என்றும் பொருள், யோசிக்கும் அறிவு என்றும் பொருள். இரண்டில் எதுவாக எடுத்தாலும் வரி நிற்கிறது. தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை ‘அமலாதித்தன்’ ஆக்கியபோது அவரும் இங்கே பேனாவை வைத்து யோசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

விமர்சகர்கள் காலம் காலமாக இவனுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். பூச்சாடியில் நட்ட ஓக் மரம்போல, தாங்க முடியாத பாரம் ஒரு மென்மையான உள்ளத்தில் இறங்கிவிட்டது என்றார் ஜெர்மன் கவிஞர் கதே. கிளாடியஸ் செய்தது இவன் அடிமனசில் தானே செய்ய விரும்பியது, அதனால்தான் கை எழவில்லை என்றார் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்ட், 1900-இல். இரண்டும் சுவாரசியமானவைதான். ஆனால் இரண்டும் நோயை ஹாம்லெட்டுக்குள் தேடுகின்றன, உத்தரவைப் பரிசோதிப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தாமதம் தாமதம் என்கிறோமே, அது எவ்வளவு? தொடக்கத்தில் அப்பா செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்கிறான். அரண்மனை நாடகத்தன்று, அவன் காதலித்த பொலோனியஸின் மகள் ஓஃபீலியா நாலு மாதம் என்கிறாள். அதாவது சாட்சி தேட எடுத்தது ஏறக்குறைய இரண்டு மாதம். ஒரு ராஜாவைக் கொல்வதற்கு முன்னால் இரண்டு மாதம் விசாரித்தான் என்று சொன்னால் அது அவ்வளவு அவமானமாக இருக்கிறதா?

கடைசிக் காட்சிக்கு வருவோம். விஷ வாள் இரண்டு பேரையும் கீறிவிட்டது. மகனுக்கு வைத்த விஷக் கோப்பையை அம்மா குடித்துவிட்டு விழுகிறாள். லேயர்டீஸ் சாகும்போது, எல்லாம் ராஜா வேலை என்று சபையறியச் சொல்கிறான். இனி ஹாம்லெட்டுக்கு அரை மணி நேர உயிர்கூடக் கிடையாது. இப்போதுதான் கிளாடியஸைக் குத்துகிறான், மிச்ச விஷத்தை வாயில் ஊற்றுகிறான். என்ன சொல்லிக் குத்துகிறான்? கொலைகாரா, இதைக் குடி, ‘என் அம்மாவின் பின்னால் போ’ என்கிறான். அப்பா பெயர் இல்லை. ஆவி கேட்ட பழியை ஆவிக்காக அவன் கடைசிவரை வாங்கவே இல்லை என்றுகூட வாதாடலாம். கண்ணெதிரே செத்த அம்மாவுக்காக, யோசிக்க நேரமில்லாத ஒரு நொடியில் நடந்தது அது. அவளைத்தான் ஆவி தொடாதே என்றது. சுற்றி நின்றவர்கள் அப்போதும் ‘ராஜத் துரோகம்!’ என்றுதான் கத்துகிறார்கள். பழைய ராஜாவின் காதில் ஊற்றிய விஷத்தைப் பற்றி மேடையில் யாரும் ஊரறியச் சொல்லவே இல்லை. ஹொரேஷியோ சொல்வான், நாம் கேட்பதற்குள் நாடகம் முடிந்துவிடும்.

சிம்மாசனம் நார்வே இளவரசன் ஃபார்ட்டின்பிராஸுக்குப் போகிறது. அவனும் அப்பாவைப் பறிகொடுத்த மகன்தான். அவன் அப்பாவைத் தனிச் சண்டையில் கொன்றவர் ஹாம்லெட்டின் அப்பா. பழி வாங்கப் படை திரட்டியவனை அவன் சித்தப்பா தடுக்க, சரி என்று விட்டுவிட்டு வேறு போருக்குப் போய்விட்டான். திரும்பும் வழியில் எட்டிப் பார்க்கிறான், டென்மார்க் காலியாகக் கிடக்கிறது.

அந்தத் தனிச் சண்டை எப்போது நடந்தது என்று நாடகத்தில் துல்லியமாகச் சொல்கிறவன் ஒரே ஒருவன், இடுகாட்டுக் காட்சியில் குழி தோண்டுகிறவன். எத்தனை வருடமாக இந்த வேலை என்று ஹாம்லெட் கேட்கிறான். பெரிய ராஜா ஃபார்ட்டின்பிராஸை வென்ற அன்றைக்குத்தான் மண்வெட்டியைப் பிடித்தேன் என்கிறான் அவன். எதிரே நிற்பது யாரென்று தெரியாமலேயே, நம்ம சின்ன இளவரசர் ஹாம்லெட் பிறந்ததும் அன்றைக்குத்தான் என்கிறான்.